பெண் பார்க்க வந்தவர்களுக்கு நான் நடத்திய கிட்னி பாடம்

பாடம் நடத்திப் பிழைப்பவர்கள் கையில் தின்பண்டத் தட்டைக் கொடுக்கவே கூடாது. கொடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு நானே சாட்சி.

அப்போது பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரியில் விலங்கியல் நடத்திக்கொண்டிருந்தேன். (என் வாய் நின்றால் மூச்சும் நின்றுவிடும் என்பது வீட்டார் கருத்து.) அதற்கு முன் பெண் பார்க்க வந்தவர்கள் என் விளக்கவுரையைக் கேட்டுத் தலைதெறிக்க ஓடியிருந்தார்கள். அதனால் விக்கிரமசிங்கபுரத்திலிருந்து சாமுவேல் வீட்டார் வந்த அன்று அம்மா முன்கூட்டியே எச்சரித்தாள்.

"ஏட்டி, பாடம் கீடம்னு வாயத் தெறந்த, பாத்துக்கோ. இதுவும் போச்சுன்னா உங்கப்பா தாங்க மாட்டாங்க."

எனக்கும் பயம்தான். போட்டோவில் பார்த்ததிலேயே சாமுவேலை எனக்குப் பிடித்துப்போயிருந்தது.

ஜெபம் முடிந்ததும் முந்திரிக்கொத்துத் தட்டோடு வந்தேன். மில்லில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற சாமுவேலின் அப்பா அன்பாகத்தான் கேட்டார். "காலேஜ்ல இப்ப என்னம்மா பாடம் நடத்துத?"

"வயித்துப் பிள்ளைக்குக் கிட்னி எப்படி உண்டாகுதுன்னு, அங்கிள்."

அத்தோடு நிறுத்தியிருக்கலாம். நான் தட்டை டீப்பாயில் வைத்துவிட்டு வகுப்பைத் தொடங்கினேன்.

"முதல்ல கழுத்துப் பக்கம் ஒரு ஜோடி வரும். வேலையே செய்யாம மறஞ்சிரும். அதுக்குக் கீழ இன்னொரு ஜோடி. கொஞ்ச நாள் வேலை செஞ்சிட்டு அதுவும் போயிரும். ஆனா ஆம்பளப் பிள்ளைக்கு அதோட குழாய் வீணாகாது. பின்னால விந்து…"

அம்மா இருமினாள். உடன் வந்திருந்த போதகர் மின்விசிறியை ஆராயத் தொடங்கினார். விழுந்த குழியிலிருந்து எப்படியாவது ஏற வேண்டுமே என்று இரண்டு முந்திரிக்கொத்துகளைத் தட்டின் கீழ் ஓரத்தில் வைத்து மேலே நகர்த்தத் தொடங்கினேன்.

"மூணாவது ஜோடிதான் நமக்கு நிலைக்கும். இடுப்புக்குள்ள உண்டாகி, மலையில மாஞ்சோலைக்குப் போற பஸ் மாதிரி பைய மேல ஏறும். சில பேருக்கு ஒண்ணு மட்டும் ஏறாம அடிவாரத்துல, மணிமுத்தாறுலயே நின்னுரும்." ஓர் உருண்டையைக் கீழேயே விட்டேன்.

சாமுவேலின் அப்பா கடித்த முந்திரிக்கொத்தைத் தட்டிலேயே திருப்பி வைத்தார். அவருடைய மனைவி சாமுவேலைப் பார்த்தார். சாமுவேல் அந்த ஒற்றை உருண்டையையே பார்த்தார்.

"கலந்து பேசிட்டுச் சொல்லியனுப்புதோம்" என்று எழுந்துவிட்டார்கள். அம்மா அடுக்களைக்குள் போய்ப் பாத்திரங்களோடு பேசினாள். நான் நிஜமாகவே அழுதேன்.

சாயங்காலம் சாமுவேல் போன் செய்தார். "உங்களுக்கு யாரு சொன்னா?"

"எதை?"

"என் இடது கிட்னி மணிமுத்தாறுலதான் நிக்கு. ஸ்கேன்ல தெரிஞ்சுது. சொன்னா பொண்ணு கெடைக்காதுன்னு அப்பா மூடி வச்சிருந்தாங்க. நீங்க சபையில போட்டு உடைச்சிட்டீங்க."

"அங்கன இருந்தே ஒழுங்கா வேலை செய்யுதா?"

"நல்லாச் செய்யுதுன்னு டாக்டர் சொல்லுதாரு."

"அப்போ எனக்குச் சம்மதம்" என்றேன். (அவர் இன்னும் கேட்டிருக்கவில்லை.)

கல்யாணத்துக்குப் பிறகு நான் மாசமாக இருந்தபோது, ஸ்கேன் முடிந்து வெளியே வந்ததும் மாமனார் போன் செய்தார். "ஏம்மா, ரெண்டு பஸ்ஸும் மாஞ்சோலைக்குப் போய்ச் சேந்துட்டா?"

"சேந்துட்டு, மாமா."

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. இப்போது எங்கள் மகள் காலையில் எழுந்திருக்க அடம்பிடித்தால், "என்ன, மணிமுத்தாறுலயே நின்னுட்டாளா?" என்று கேட்பவர் அவர்தான். விருந்தாளிகள் வந்தால் பலகாரத் தட்டை அவரே எடுத்துக்கொண்டு போகிறார்; என் கையில் கொடுப்பதில்லை.