எட்டாம் நம்பர் அறைக்கு ஓடிபி

இந்தச் சீசனில் மச்சானுக்கு ரூம் கிடையாது என்று முடிவெடுத்துவிட்டேன். உறுதியான முடிவு. அதைப் பெண்டாட்டியிடம் சொல்லும் தைரியம் மட்டும்தான் பாக்கி.

நான் கணேசமூர்த்தி. குற்றாலத்திலிருந்து இலஞ்சி போகிற சாலையில் சின்னதாக ஒரு லாட்ஜ் வைத்திருக்கிறேன். அதில் எட்டாம் நம்பர் அறைதான் மகாராணி. பால்கனிக் கதவைத் திறந்தால் மலை, மலையில் மேகம், மேகம் விலகினால் அருவி. சாரல் விழுந்ததும் அந்த அறைக்குத்தான் அடிதடி. ஆனால் வருஷா வருஷம் அதில் வந்து படுப்பவர் என் பெண்டாட்டியின் அண்ணன் உச்சிமாகாளி, ரிட்டயர்டு சப்-இன்ஸ்பெக்டர். அவர் வந்துவிட்டால் நான் ஓனர் இல்லை, டிரைவர். "மாப்ளே, ஐந்தருவிக்கு வண்டிய எடு." "மாப்ளே, பழைய அருவில கூட்டம் இல்லையாம், திருப்பு."

போன சீசனில், முன்கூட்டியே பதிவு செய்திருந்த கோயம்புத்தூர் குடும்பம் பெட்டியோடு வந்து நின்றது. மச்சான் பால்கனியில் காலாட்டிக்கொண்டிருந்தார். அறை கிடைக்காமல் திரும்பிப் போனவர்கள் இணையத்தில் ஒற்றை நட்சத்திரம் போட்டு எழுதினார்கள்: "அறை நன்றாக இருக்கும்போல. நாங்கள் பார்க்கவில்லை. ஓனர் நல்லவர். அவருக்கு அங்கே அதிகாரம் இல்லை."

அந்தக் கடைசி வரி எனக்குச் சுருக்கென்று தைத்தது. ஊர் உலகமே படிக்கிற இடத்தில் எழுதிவிட்டார்களே! அதுவும் உண்மையை!

கடையநல்லூர் முஃபீத்தை வரவழைத்தேன். துபாயில் பெரிய ஹோட்டலில் கம்ப்யூட்டர் பாதுகாப்பு பார்த்துவிட்டு வந்த பையன். லாட்ஜைச் சுற்றிப் பார்த்தவன் தலையில் கை வைத்தான்.

"அண்ணாச்சி, கதவுக்கெல்லாம் பூட்டு போட்டிருக்கீக. வைஃபைய தொறந்து போட்டிருக்கீகளே! கெஸ்ட்டும் ஆபீஸ் கம்ப்யூட்டரும் ஒரே லைன்ல கெடக்கு. ரூம்ல இருக்கிறவன் நெனச்சா உங்க புக்கிங்கையே மாத்திருவான்."

"அது கெடக்கட்டும் தம்பி. ரிசப்ஷன்ல இருக்கிறவங்க மாத்தாம இருக்க என்ன வழி?"

"ரிசப்ஷன்ல யாரு இருக்கா?"

சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, "உங்க மைனிதான், என் வீட்டுக்காரி" என்றேன்.

அவன் சிரிக்கவில்லை. டாக்டர் மாதிரி தலையை ஆட்டினான். "வெளிய இருந்து வர்ற ஆபத்தவிட உள்ள இருக்கிறதுதான் அண்ணாச்சி பெருசு."

கெஸ்ட்டுக்குத் தனி வைஃபை, ஆபீசுக்குத் தனி வைஃபை என்று பிரித்தான். கெஸ்ட் லைனில் இருப்பவன் ஆபீஸ் பக்கம் எட்டிப் பார்க்க முடியாது. எந்த ஊரிலிருந்தும் போனிலேயே புக்கிங் போடலாம். ஆனால் எட்டாம் நம்பரை யாருக்குக் கொடுத்தாலும், கொடுத்ததை ரத்து செய்தாலும் என் போனுக்கு ஓடிபி வரும். அதைப் போட்டால்தான் அறை.

"ஓடிபிய யார் கேட்டாலும் சொல்லப்படாது அண்ணாச்சி. போலீஸ் கேட்டாலும் சரி."

"பெண்டாட்டி கேட்டா?"

"அப்பத்தான் முக்கியமா சொல்லப்படாது."

போகும்போது என் பெண்டாட்டி செல்வி காபி கொடுத்தாள். முஃபீத் அதை ஊதி ஊதிக் குடித்துக்கொண்டே வைஃபையை எப்படி மாற்றுவது, பாஸ்வேர்டை எங்கே போடுவது என்றெல்லாம் அவளுக்கு விளக்கிவிட்டுப் போனான். ரிசப்ஷனில் இருப்பவருக்குப் பயிற்சி அவசியமாம். எட்டாம் நம்பர் விஷயத்தை மட்டும் சொல்லவில்லை. நல்ல பையன்.

சாயங்காலமே குரல் வந்தது.

"என்னங்க, கம்ப்யூட்டரு என்னப் பாத்து நீ யாருன்னு கேக்குது?"

"நீ யாருன்னு கேக்கல செல்வி. நான் சம்மதிச்சேனான்னு கேக்குது."

"நம்ம கல்யாணத்துக்கே அத யாரும் கேக்கலியே!"

"ஹோட்டல் தொழில்ல இப்ப இதான் முறை. சைபர் செக்யூரிட்டி."

"நாளைக்கு எங்கண்ணன் வாராக. எட்டாம் நம்பர் போடணும்."

"ஓடிபி வேணுமே."

"சொல்லுங்க, போடுதேன்."

"சொல்லப்படாது."

"யாருக்கு?"

"யாருக்குமே. துபாய்லயே சொல்ல மாட்டாவளாம்."

பிரளயம் வரும் என்று நாற்காலியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். வரவில்லை. "சரிங்க. தொழில்னா கண்டிசன் இருக்கத்தான செய்யும்" என்றாள். நான் பயப்பட்டிருக்க வேண்டிய இடம் அதுதான். மடையன், சந்தோஷப்பட்டேன்.

மறுநாள் காலையில் கிண்ணத்தில் நல்லெண்ணெயோடு வந்து நின்றாள்.

"கம்ப்யூட்டரு கம்ப்யூட்டருன்னு கண்ணு எப்படிச் செவந்து கெடக்கு பாருங்க. உக்காருங்க."

உச்சியில் எண்ணெயை வைத்துத் தேய்த்தாள் பாருங்கள், என் அதிகாரமெல்லாம் அப்படியே காது வழியாக இறங்கியது.

"மெயின் அருவில தண்ணி நல்லா விழுதாம். போய் ஒரு குளி போட்டுட்டு வருவோம்."

"நீயும் குளிக்கியா?"

"எனக்குச் சளி. நான் துணிமணியப் பாத்துக்கிடுதேன்."

குற்றாலத்தில் குளிக்கப் போகிற எந்தக் குடும்பத்திலும் ஒருத்தர் நனையாமல் நிற்க வேண்டும். துண்டு, செருப்பு, மூக்குக் கண்ணாடி, போன் எல்லாம் அவர் கையில். எந்தக் காலத்திலும் யாரும் சந்தேகப்படாத ஏற்பாடு. நானும் கொடுத்தேன். "பத்திரம் செல்வி, ஓடிபி வர்ற போன்" என்று எடுத்துச் சொல்லியே கொடுத்தேன். கைரேகை வைத்தால்தானே திறக்கும், என்ன பயம்? பூட்டிய போனிலும் வருகிற செய்தி மேலே பளிச்சென்று தெரியும் என்பது என் எண்ணெய்த் தலைக்கு எட்டவில்லை.

அருவி முதுகில் தொம் தொம்மென்று விழுந்தது. மச்சான் இல்லாத சீசன்! அங்கிருந்தே கையை ஆட்டினேன். அவளும் ஆட்டினாள். ஒரு கையில் என் போன். இன்னொரு கையில் அவள் போன். என்னைப் படம் எடுக்கிறாளாக்கும் என்று நெஞ்சை நிமிர்த்தி வேறு நின்றேன்.

ஈரத் துண்டோடு லாட்ஜுக்குத் திரும்பினால் எட்டாம் நம்பர் பால்கனியில் ஒரு கால் ஆடிக்கொண்டிருந்தது.

"மாப்ளே! குளிச்சாச்சா? வண்டிய அணைச்சிராத!"

அறை பெருக்குகிற மாரித்தாயிடம் பாய்ந்தேன். "யாரு சாவி குடுத்தா?"

"நாந்தான் அண்ணாச்சி. கம்ப்யூட்டர்ல அவுக பேருல்லா இருக்கு."

ஓடிப் போய் புக்கிங்கை ரத்து செய்யப் பார்த்தேன். ஓடிபி கேட்டது. என் போனைப் பார்த்தேன். மூச்சுப் பேச்சில்லை. பின்னாலிருந்து 'டிங்' என்று ஒரு சத்தம். செல்வியின் போன். அருவிக்கரையில் அறையை மட்டும் வாங்கவில்லை, ஓடிபி வருகிற நம்பரையும் தன் நம்பராக்கிவிட்டாள்.

"ஏட்டி செல்வி, அந்த ஓடிபியச் சொல்லு."

"யார் கேட்டாலும் சொல்லப்படாதுல்லா? துபாய்லயே சொல்ல மாட்டாவளாம்."

முஃபீத்துக்குச் செய்தி அனுப்பலாம் என்று பார்த்தால் ஆபீஸ் வைஃபை என் போனை உள்ளே விடவில்லை. நான் தலை துவட்டுவதற்குள் அதன் பாஸ்வேர்டும் மாறியிருந்தது. பையன் பயிற்சி அவ்வளவு நல்ல பயிற்சி.

மேலே இருந்து குரல் வந்தது. "மாப்ளே, இங்கன வைஃபை பாஸ்வேர்டு என்ன?"

"இருங்க மச்சான், உங்க தங்கச்சிகிட்ட கேட்டுச் சொல்லுதேன்" என்றேன். "எனக்கும் இப்ப கெஸ்ட் வைஃபைதான்."