அடுப்பை யார் பார்ப்பது?

அநியாயம் நடந்தது என் அக்கா டோரிஸுக்கு. செய்தவர் அவளைக் கட்டிக்கொண்ட கிரிகரி அத்தான். பத்துப் பேர் பார்த்துக்கொண்டிருக்க, பதிலே இல்லாத ஒரு கேள்வியை அவளிடம் கேட்டு, அவள் வாய் திறப்பதற்குள் “ஃபெயில்” என்று சொல்லிச் சமையலறைக்கு அனுப்பினார். எங்கள் பிரிக்ஃபீல்ட்ஸ் பேட்டையில் இப்போது எல்லாரும் அத்தானைப் பார்த்துத்தான் “ஐயோ பாவம்” என்கிறார்கள். பாவம் யார் என்பதில் எனக்கு வாதம் இருக்கிறது. ஆகவே எழுதுகிறேன்.

முதலில் அத்தானைப் பற்றி. சண்டைக்கு முன்னால் அவர் இங்கிலீஷ் ஸ்கூல் வாத்தியார். ஜப்பான்காரன் வந்தான். ஸ்கூல் மூடியது. சிங்கப்பூரில் நான் படித்த காலேஜும் மூடியது. பாதிப் பட்டத்தோடு நான் அக்கா வீட்டுக்கு வந்து சேர்ந்தேன். மீதிப் பாதிக்கு மரவள்ளிக்கிழங்கு சீவினேன். காலையில் கிழங்குக் கஞ்சி, மத்தியானம் கிழங்கு ரொட்டி, ராத்திரிக்கு ஆறிப்போன கிழங்கு ரொட்டி. அக்காவின் மகள் ஸ்டெல்லாவுக்கு நாலு வயசு. அவள் கால் வீங்க ஆரம்பித்திருந்தது. விரலால் அமுக்கினால் குழி விழும். குழி எழுந்து வர நேரமாகும். “பெரிபெரி. தவிடு போகாத அரிசியும் பச்சைப்பயறும் கொடுங்க” என்றார் டாக்டர். நிலாவைப் பிடித்துக் கொடுங்கள் என்றிருந்தால் முயற்சியாவது செய்திருப்போம். அரிசி வேண்டுமென்றால் அரசாங்க வேலை வேண்டும். வேலை வேண்டுமென்றால் இன்டர்வியூ.

அந்த இன்டர்வியூவுக்குப் பையன்களைத் தயார் பண்ணுவதுதான் அத்தானின் புதுத் தொழில். எங்கள் கூடத்தில் வகுப்பு. சம்பளம் தேங்காய், கீரை, எப்போதாவது ஒரு முட்டை. சாலாக் செலாத்தானிலிருந்து பையன்கள் நடந்து வருவார்கள். பூச்சோங்கிலிருந்து தம்புசாமி, டயருக்குப் பதில் ரப்பர் குழாய் சுற்றிய சைக்கிளில் தடதடவென்று வருவான். முந்தின வருஷம் வரை “நிமிர்ந்து நில்லு, கண்ணைப் பாரு, கையைக் குலுக்கு” என்று சொல்லிக்கொடுத்த அதே வாய், இப்போது, “குனி! கண்ணைப் பார்க்காதே! டேய் வாசு, கையைக் கூப்பாதடா, இது கோயில் இல்ல! இடுப்பை வளை!” என்றது. ராஜ்யம் மாறினால் இடுப்பும் மாற வேண்டுமாம்.

அவர் வகுப்பில் ஒரு தனி முறை உண்டு. நிஜம் மாதிரியே நடத்த வேண்டும் என்பார். நிஜம் மாதிரி என்றால் மேசைக்குப் பின்னால் ஓர் அதிகாரி வேண்டும். அத்தான் வேட்பாளர் பக்கம் நின்று திருத்த வேண்டுமே! ஆகவே அதிகாரி வேஷம் அக்காவுக்கு. அடுப்பில் கஞ்சியை வைத்துவிட்டு வந்து, பழைய ரயில்வே தொப்பியைப் போட்டுக்கொண்டு, மேசையில் அகப்பையால் ஒரு தட்டு தட்டுவாள்.

“உள்ளே வா!”

பையன் வருவான். குனிவான்.

“உன்கிட்ட என்ன குறை?”

“அளவுக்கு மீறி உழைப்பேங்க. அதுதான் என் குறை.”

“சபாஷ்!” என்பார் அத்தான். அந்தப் பதில் அவர் கண்டுபிடிப்பு. குறை கேட்டால் குறை மாதிரியே ஒரு நிறையைச் சொல்ல வேண்டும் என்பது அவர் சித்தாந்தம். பத்துப் பேருக்கும் அதே பதில், அதே குனிவு, அதே இடத்தில் ஒரு சின்ன இருமல்.

“அத்தான், பத்துப் பேரும் ஒரே பதிலைச் சொன்னா சந்தேகம் வராதா?” என்று கேட்டேன்.

“நல்ல பதில் ஒண்ணுதான் இருக்கும், ரோசலின். காலேஜ்ல இதெல்லாம் சொல்லித் தரமாட்டாங்க. அதான் மூடிட்டாங்க.”

இப்படி மாசக்கணக்கில் அதிகாரியாக உட்கார்ந்து கேள்வி கேட்டவள் அக்கா. எந்தப் பையன் கணக்கில் கெட்டி, எவன் பொய் சொன்னால் காது சிவக்கும் என்பதெல்லாம் அவளுக்குத் தெரியும். அவள் சீனியர் கேம்பிரிட்ஜ் பரீட்சை பாஸ். ஒருநாள் தொப்பியைக் கழற்றி மேசையில் வைத்தாள்.

“ஏங்க, சர்க்கார் சரக்கு மூட்டை அடுக்குற கிட்டங்கி ஆபீஸ்ல ஆள் எடுக்கிறாங்களாம். பொம்பளைங்களையும் எடுக்கிறாங்க. நான் போகட்டுமா?”

பையன்கள் அத்தானைப் பார்த்தார்கள். அத்தான் சிரித்தார்.

“இன்டர்வியூவா? வா, இப்பவே வெச்சிடுவோம்!” என்று அதிகாரி நாற்காலியில் போய் உட்கார்ந்தார். அக்காவை எதிரே நிற்க வைத்தார். பேர் கேட்கவில்லை, படிப்பைக் கேட்கவில்லை.

“ஒரே கேள்வி. நீ ஆபீசுக்கு வந்துட்டா வீட்டில அடுப்பை யாரு பார்க்கிறது?”

அக்கா யோசித்தாள். ஒரு மூச்சு விடும் நேரம்கூட இருக்காது.

“பார்த்தீங்களா பசங்களா? தயங்கினா ஃபெயில்! போம்மா, கஞ்சி பொங்குது.”

பத்துப் பேரும் சிரித்தார்கள். வாசு மட்டும் பாதியில் நிறுத்திக்கொண்டான்.

நான் விடவில்லை. “அத்தான், அந்தக் கேள்வியை ஏதாவது ஆம்பளைகிட்ட கேட்டீங்களா? கேட்கலைன்னா அது கேள்வியே இல்ல, கதவு! அவ முகத்துல சாத்தின கதவு!” என்று ஆரம்பித்தேன். சமத்துவம், நியாயம், சரித்திரம் எல்லாவற்றையும் தொட்டு வந்தேன். நான் முடிப்பதற்குள் அத்தான் தூங்கிவிட்டார். அக்கா அடுப்பை ஊதிக்கொண்டே, “விடுடி. தொண்டை வறண்டா குடிக்க வெந்நிதான் இருக்கு” என்றாள்.

பிறகு அந்தப் பத்துப் பேரும் கிட்டங்கி ஆபீசுக்கு இன்டர்வியூவுக்குப் போனார்கள். போனவர்கள் வீடு திரும்பவில்லை.

சாயங்காலம் துணிக்கடை அப்துல் மஜீத் ஓடிவந்தார். சண்டைக்கு முன்னால் ஜப்பான் துணி இறக்கி விற்றவர். அந்தப் பழக்கத்தில் கொஞ்சம் அவர்கள் பாஷை தெரியும். அதனால் அவரைப் பிடித்து அந்த ஆபீசில் மொழிபெயர்ப்பாளராக உட்கார வைத்திருந்தார்கள்.

“வாத்தியாரே, என்ன சொல்லிக் குடுத்தீங்க? குறை என்னன்னு கேட்டா ஒருத்தன் விடாம அளவுக்கு மீறி உழைப்பேன்கிறான். அதிகாரி நம்பிட்டாரு! ‘இவ்வளவு உழைக்கிறவங்களை உட்கார வெச்சு எழுதச் சொல்றது பாவம். சயாமுக்கு ரயில் பாதை போட ஆள் கேட்கிறாங்க, அனுப்பிடலாம்’னு சொல்லிட்டாரு. இப்ப மூட்டை தூக்குறாங்க. காலையில லோரி வருது!”

சயாம் என்றால் என்னவென்று எங்கள் தெருவில் யாருக்கும் விளக்க வேண்டாம். போனவர்கள் திரும்பி வராத வீட்டு வாசல்களைப் பார்த்தாலே தெரியும்.

அத்தான் முகத்தில் ரத்தம் இல்லை. அடுத்த நிமிஷம் அவருக்குக் காய்ச்சல் வந்தது. கொசுவலைக்குள் போய்ப் படுத்துக்கொண்டார். உள்ளேயிருந்து குரல் மட்டும் வந்தது.

“டோரிஸ்... நீ போய்ப் பேசிப் பாரு லா. பொம்பளையை அடிக்க மாட்டாங்க.”

“பொம்பளை ஆபீசுக்குப் போகலாமா அத்தான்?” என்றேன்.

“இது ஆபீசுக்குப் போறது இல்ல. ஆபீஸ் வரைக்கும் போறது.”

விடிந்ததும் அக்காவும் நானும் போனோம். கிட்டங்கி முற்றத்தில் லோரி நின்றது. பையன்கள் மூட்டைக்கடியில் வளைந்து கிடந்தார்கள். அத்தான் ஆசைப்பட்ட அளவுக்கு இடுப்பு இப்போதுதான் வளைந்திருந்தது. அதிகாரி வாசலில் நின்றார். நான் அக்காவின் முதுகுக்குப் பின்னால் ஒதுங்கினேன். சமத்துவமும் சரித்திரமும் எந்தப் பக்கம் போயினவோ தெரியவில்லை.

அக்கா ஒதுங்கவில்லை. மாசக்கணக்கில் அவளே அல்லவா அதிகாரி! கைப்பையால் அங்கிருந்த மரப்பெட்டியில் ஒரு தட்டு தட்டினாள்.

“உள்ளே வா!”

பத்து மூட்டை தொப்பென்று விழுந்தது. பத்துப் பேரும் ஓடிவந்து வரிசையில் நின்று, ஒரே நேரத்தில் குனிந்து, ஒரே நேரத்தில் இருமினார்கள்.

அதிகாரி அசந்துபோனார். தனக்குக்கூட இப்படி யாரும் குனிந்ததில்லை என்று அவர் சொன்னதை மஜீத் மொழிபெயர்த்தார். “யார் இந்த அம்மா?”

“சொல்லுங்க மஜீத் அண்ணே,” என்றாள் அக்கா. “இவன் வாசு. மனக்கணக்குல புலி. இவனை மூட்டை தூக்க வெச்சா மூட்டைக்கும் நஷ்டம், கணக்குக்கும் நஷ்டம். இவன் அய்யூப். எழுத்து முத்து முத்தா இருக்கும். இவன் தம்புசாமி. நல்ல பையன், ஆனா சீனி இருக்கிற அறையில மட்டும் விடாதீங்க.” தம்புசாமியின் காது சிவந்தது. அதிகாரி அந்தக் காதைப் பார்த்தார். முதல்முறையாகச் சிரித்தார்.

இப்படியே பத்துப் பேருக்கும் சொன்னாள். எல்லாம் உண்மைதானா என்று அதிகாரி சோதித்துப் பார்த்துக்கொண்டார். லோரி பத்துப் பேரையும் விட்டுவிட்டுப் போனது. காலியாகப் போனது என்று மட்டும் எழுத முடியவில்லை. உள்ளே வேறு யாரோ உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுக்காகப் பேச ஒரு டோரிஸ் இல்லை.

அதிகாரி தன் பக்கத்தில் ஒரு நாற்காலி போடச் சொன்னார். இனி ஆள் எடுக்கும்போது கேள்வி கேட்பது அக்கா. சம்பளத்தோடு அரிசி. தவிட்டோடு.

வீட்டில் அத்தானுக்குக் காய்ச்சல் இறங்கியது. “என்ன வேலை குடுத்தான்?” என்றார்.

அக்கா என் காலை மிதித்தாள். “டீ ஊத்துற வேலைங்க.”

“அப்ப சரி,” என்று சோற்றைப் பிசைந்தார்.

ஸ்டெல்லாவின் கால் வீக்கம் வடிய ஆரம்பித்தது. அமுக்கினால் குழி உடனே எழுந்தது. அத்தானின் வீக்கம்தான் ஏறியது. பழைய பையன்கள் கிட்டங்கி வேலைக்குப் போய்விட்டார்கள், புதுப் பையன்கள் வரவில்லை. கூடத்தில் தனியாக உட்கார்ந்து நாற்காலியோடு பேசினார். ஒருநாள் சட்டைக்குக் கஞ்சி போட்டார். குடிக்க வேண்டிய கஞ்சியை.

“நாளைக்கு கிட்டங்கி ஆபீஸ்ல கிளார்க் வேலைக்கு இன்டர்வியூ. எனக்கு வேலை கிடைச்சதும், டோரிஸ், நீ நின்னுடலாம். வாத்தியார் பொண்டாட்டி டீ ஊத்தினாள்னு நாலு பேர் சொல்லக்கூடாது. ஒரு வீட்டுக்கு ஒரு ஆபீஸ் போதும்.”

நான் வாயைத் திறந்தேன். மூன்று அத்தியாயம் தயாராக இருந்தது. அக்கா கண்ணாலேயே அடக்கினாள். பாத்திரம் கழுவும்போது மெதுவாகச் சொன்னாள்:

“நாளைக்கு நீயும் வந்து வரிசையில நில்லு. பேசாம நில்லு. முடியுமா?”

என் வாழ்க்கையில் இவ்வளவு கஷ்டமான பரீட்சை வந்ததில்லை.

மறுநாள் அத்தான் எனக்கு முன்னால் நின்றார், என்னைக் கவனிக்காமல். உதடு பதில்களை முணுமுணுத்தது. பேர் கூப்பிட்டார்கள். கதவைத் தாண்டினார். வரிசை நகர்ந்து நானும் அவர் பின்னால் வாசலில் நின்றேன். கண்ணைப் பார்க்காமல் குனிந்தார், தரை தொடுகிற குனிவு. இடுப்பை நிமிர்த்தினார்.

மேசைக்குப் பின்னால் அதிகாரி. அவருக்கு அந்தப் பக்கம் மஜீத். இந்தப் பக்கம் அக்கா.

குனிந்தது குனிந்ததுதான். திருப்பி வாங்க முடியாது.

“பேர்?” என்றாள் அக்கா.

“...கிரிகரி.”

“உங்ககிட்ட என்ன குறை?”

“அளவுக்கு மீறி...” மூட்டைகள் அடுக்கியிருந்த பக்கம் அத்தானின் கண் போனது. விழுங்கினார். “குறை ஒண்ணும் இல்லீங்க.”

மஜீத் மொழிபெயர்த்தார். அதிகாரி தலையாட்டினார்.

“படிப்பு நல்ல படிப்பு. ஒரே ஒரு கேள்வி மிச்சம்,” என்றாள் அக்கா. அவள் குரலில் கோபமே இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. “நீங்க ஆபீசுக்கு வந்துட்டா வீட்டில அடுப்பை யாரு பார்க்கிறது?”

மேசையோரத்தில் எழுதிக்கொண்டிருந்த வாசு பேனாவை வைத்தான்.

“என் சம்சாரம் பார்ப்பாங்க,” என்றார் அத்தான் தயங்காமல். தயங்கினால் ஃபெயில் அல்லவா!

“அவங்களுக்கு இங்க வேலை இருக்கு.”

“என் மச்சினி ரோசலின் இருக்கா. சும்மாதான் இருக்கா.”

“அவங்க உங்க பின்னால நிக்கிறாங்க.”

அத்தான் திரும்பினார். நான் அவர் சொல்லிக்கொடுத்தபடியே, கையைக் கூப்பாமல், இடுப்பை வளைத்துக் குனிந்தேன். இருமலையும் விடவில்லை.

அதிகாரி விரலால் மேசையைத் தட்டினார். மஜீத் கூரையைப் பார்த்தார். அத்தான் அக்காவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், தன் கஞ்சி போட்ட சட்டையைப் பார்த்தார். பத்துப் பேருக்கு முன்னால் அவர் கேட்ட கேள்விக்குக் கடைசியில் அவரே பதில் சொன்னார்:

“நான்தாங்க.”