ஹெடருக்கும் ஃபூட்டருக்கும் நடுவே ஒரு குழாய்

குடிநீர் அலுவலகத்துக்குப் புதிய மேலதிகாரி வந்தார். பொறுப்பேற்ற மறுநாளே, அலுவலகக் கடிதங்கள் மொட்டையாக ஊர் சுற்றுவதைக் கண்டு மனம் வருந்தினார். உச்சியில் ஹெடர், அடியில் ஃபூட்டர், இவையின்றி எந்தத் தாளும் வாசலைத் தாண்டலாகாது என்று உத்தரவு பிறந்தது.

ஹெடரில் முதலில் அலுவலகத்தின் பெயர் மட்டும் இருந்தது. மேலதிகாரி தம் பதவியைச் சேர்த்தார். துணை அதிகாரியின் முகம் வாடவே, அவர் பதவியும் ஏறியது. பிறகு சின்னம், சின்னத்தைச் சுற்றிக் கட்டம், கட்டத்துக்குக் கீழே ஒரு பொன்மொழி. ஃபூட்டர் மட்டும் சும்மா இருக்குமா? பக்க எண், பொறுப்புத் துறப்பு, அந்தத் துறப்புக்கும் யாரும் பொறுப்பல்ல என்ற விளக்கம், தாளை வீணாக்காதீர் என்ற நீண்ட வேண்டுகோள்.

இந்தச் சமயத்தில்தான் தையல்காரம்மா குழாய் இணைப்பு கேட்டு வந்தார். மாடிக்குக் குடம் சுமந்தே இடுப்பு விட்டுப்போனவர். அவருக்கான உத்தரவைத் தட்டிய கணினிக்காரர் மேலதிகாரியிடம் ஓடினார்.

"சார், ஹெடர் மேலேர்ந்து இறங்குது, ஃபூட்டர் கீழேர்ந்து ஏறுது. நடுவுல ஒரு வரிக்கு இடமில்ல."

"எந்த வரி?"

"குழாய் கொடுக்கச் சொல்ற வரி."

"அடுத்த பக்கத்துல போடுங்க."

"அங்கயும் ஹெடர் வந்துடுது சார். அந்த வரி பக்கம் பக்கமா ஓடிட்டே இருக்கு."

"எழுத்தைச் சின்னதாக்குங்க."

"எறும்பு அளவுக்கு ஆக்கிட்டேன். அப்பவும் நுழையல."

மேலதிகாரி ஆழ்ந்து யோசித்தார். "அந்த வரில என் பதவி இருக்கா?"

"இல்லீங்க."

"அப்புறம் எதுக்கு அது? எடுத்துடுங்க."

உத்தரவு லட்சணமாகக் கிளம்பியது. குழாய் பொருத்துபவர் அதைப் பயபக்தியோடு வாங்கிக்கொண்டு, உறைமேல் இருந்த முகவரியைப் பார்த்துத் தையல்காரம்மா வீட்டுக்கு வந்தார். சுவரின் மேலே பளபளவென்று ஒரு குழாய். கீழே ஒரு வடிகால். வேலை முடிந்தது. தையல்காரம்மா குழாயைத் திருகினார். காற்றுகூட வரவில்லை.

"தண்ணி வர்ற பைப் எங்கப்பா?"

"உத்தரவைப் பாருங்கம்மா. மேல குடிநீர்னு இருக்கு, மேல குழாய் போட்டேன். கீழ ஃபூட்டர் இருக்கு, வடிகால் போட்டேன். நடுவுல ஒண்ணும் எழுதல. எழுதாததைச் செஞ்சா என் வேலை போயிடும்."

சேதி பரவி, தெருவே மாடியேறிப் பார்த்தது. குழாயின் பளபளப்பு எல்லோருக்கும் பிடித்துப்போனது. ஆளாளுக்கு அலுவலகத்துக்கு ஓடினார்கள். சீக்கிரமே வீட்டுக்கு வீடு குழாய் மின்னியது. தண்ணீர் வரவில்லை என்று எல்லோரும் சேர்ந்து ஒரு மனு போடலாம் என்று தையல்காரம்மா சொன்னார். நியாயம்தான் என்று தெருவே கூடி உட்கார்ந்தது.

மனுவின் ஹெடரில் யார் பெயர் முதலில் வருவது என்று பேச்சு எழுந்தது. கீழ்வரிசை வீடுகளும் மேல்வரிசை வீடுகளும் இப்போது ஒன்றோடொன்று பேசுவதில்லை. மனு இன்னும் போகவில்லை. ஆனால் அதன் ஃபூட்டர் மிக அழகாக வந்திருப்பதாக இரு தரப்பும் ஒப்புக்கொள்கின்றன.