வாரண்டியில் வராத சந்தனம்

வாரண்டி அட்டையைக் கையில் வைத்திருப்பவனுக்கு வரும் திமிர் இருக்கிறதே, அது தனி. எனக்கும் வந்தது. மறுநாளே நடுரோட்டில் இறங்கியது.

என் மனைவி செல்வி தென்காசியில் இட்லி மாவு அரைத்து விற்கிறாள். சீசன் தொடங்கியதும் குற்றாலத்து லாட்ஜ் மெஸ் ஒன்றிலிருந்து அவளுக்கு முதல் பெரிய ஆர்டர் வந்தது. ராத்திரி டிபனுக்கான மாவு சாயங்காலமே வந்துவிட வேண்டும், தவறினால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வோம் என்று மெஸ்கார அண்ணாச்சி கறாராகச் சொல்லிவிட்டார்.

அதற்காகத்தான் பேட்டரியில் ஓடும் லோடு வண்டி வாங்கினோம். கடையில் நான் அதைச் சோதித்த அழகே அழகு! டயரை உதைத்தேன், கேரியரில் ஏறி உட்கார்ந்து குலுங்கினேன். (வேறு என்ன பார்க்க வேண்டும் என்று எனக்குத் தெரியாது.) "மூணு வருஷ வாரண்டி அண்ணாச்சி, கண்ண மூடிக்கிட்டு ஓட்டுங்க" என்றார் கடைக்காரர்.

வீட்டுக்கு வந்ததும் பூசை. சக்கரத்தில் எலுமிச்சம்பழம் நசுக்கி, விளக்குக்கெல்லாம் பொட்டு வைத்தேன். சார்ஜ் போடும் துளை கண்ணில் பட்டது. வண்டிக்குச் சோறு போகிற வாய் அல்லவா? குழைத்த சந்தனத்தைத் தாராளமாக அப்பினேன். அன்றிரவு பிளக்கை அழுத்திச் செருகிவிட்டு நிம்மதியாகத் தூங்கினேன்.

"சார்ஜு ஏறிட்டான்னு பாத்தியளா?" என்று செல்வி மறுநாள் கேட்டாள்.

"வாரண்டி இருக்குல்லா?" என்றேன். (கேட்டதற்கும் சொன்னதற்கும் சம்பந்தமே இல்லை.)

குற்றாலம் போகும் வழியில், மாவு வாளிகளோடு வண்டி நின்றுபோனது. சாரல் வேறு. எண்ணெய் தேய்த்துக்கொண்டு அருவிக்குப் போன நாலைந்து பேர் இரக்கப்பட்டுத் தள்ள வந்தார்கள். கை வழுக்கியதே தவிர வண்டி நகரவில்லை. வாளியில் மாவு பொங்கி மூடியைத் தூக்க ஆரம்பித்தது. செல்வியின் ஆர்டர் போய்விடுமே என்று நினைத்ததும் எனக்கு அழுகையே வந்துவிட்டது. அவளுக்கு போனில் விஷயத்தைச் சொன்னேன். அடுத்து கடைக்காரரைக் கூப்பிட்டுக் கத்தினேன்: "தகர டப்பாவ என் தலையில கட்டிட்டீரு! வாரண்டியில புது வண்டி தாரும்!"

கடைக்காரர் வந்தார். செல்வியும் ஆட்டோ பிடித்து வந்தாள். அவர் சார்ஜ் துளையின் மூடியைத் திறந்தார். உள்ளே சந்தனம் காய்ந்து கல்லாகியிருந்தது.

"வண்டியில ஒரு குத்தமும் இல்ல அண்ணாச்சி. சார்ஜே ஏறல. தண்ணியில முங்குனா, எதுலயாவது மோதுனா வாரண்டி கிடையாதுன்னு அட்டையில போட்டிருக்கு. சந்தனத்தப் பத்தி எழுத யாருக்கும் தோணல."

எண்ணெய்க் கோஷ்டி விழுந்து விழுந்து சிரித்தது. செல்வி சிரிக்கவில்லை, திட்டவும் இல்லை. வாளிகளை ஆட்டோவில் ஏற்றிவிட்டு, துண்டால் என் தலையைத் துவட்டினாள். "நல்லதுன்னு நெனச்சுத்தான வச்சிய, விடுங்க" என்றாள். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். ஆட்டோ போய்ச் சேர்ந்தபோது மெஸ்ஸில் தோசைக்கல் காய்ந்துகொண்டிருந்ததாம். ஆர்டர் தப்பியது.

அந்த வண்டி இன்றும் ஜோராக ஓடுகிறது. இப்போது இன்னும் சில லாட்ஜுகளுக்கும் மாவு போகிறது. ஓட்டுவது செல்விதான். நானும் வருகிறேன் என்று பின்னால் ஏறப் போனால் எங்கள் மகள் வாசலிலிருந்து கத்துவாள்:

"எம்மா, அப்பாவ ஏத்தாத! வாரண்டி போயிரும்!"