6667-ஆம் கதவு

என் செல்லக் கரடிக்கு,

உன் வெர்னா எழுதுவது. நான் சுகம். உன் சுகத்தைப் பாதிரியார் ஞாயிறுதோறும் அடித்துச் சொல்லிவிடுவதால் தனியாகக் கேட்கவில்லை. ஏரி உறைந்து இறுகிவிட்டது. உன் அடக்கத்துக்கு அக்கம்பக்கத்தார் ஹாட்டிஷ் சமைத்துக் கொண்டுவந்த பாத்திரங்களை, அடியில் ஒட்டியிருக்கும் பெயரைப் பார்த்து ஒவ்வொன்றாகத் திருப்பிக்கொண்டிருக்கிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். நிலவறையில் நீ விட்டுப்போன கம்ப்யூட்டர் இன்னும் முனகிக்கொண்டுதான் இருக்கிறது. இன்டர்நெட் கம்பெனிக்காரர்கள் கடிதம் போட்டார்கள். உங்கள் இணைப்பில் கதவுகள் திறந்து கிடக்கின்றன, எந்தக் கதவு எதற்கென்று பார்த்து, வேண்டாததை மூடுங்கள், இல்லாவிட்டால் இணைப்பையே வெட்டிவிடுவோம் என்று. டுவெய்ன் பெல்ட்டோவைக் கூப்பிட்டேன். டெலிபோன் கம்பம் ஏறி ஓய்வுபெற்ற மனிதன், உனக்கு அடுத்தபடி இந்தத் தெருவில் இதெல்லாம் அவனுக்குத்தான் தெரியும், அல்லது தெரியும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறான். "கம்ப்யூட்டரும் ஒரு வீடு மாதிரிதான் வெர்னா, ஆனா கதவு அறுபத்தஞ்சாயிரத்துக்கு மேல. ஒவ்வொரு வேலைக்கும் ஒரு நம்பர். எது எதுக்குன்னு உலகத்துக்கே பொதுவா ஒரு பட்டியல் இருக்கு" என்றான். "அத்தனையும் யார் தொடைக்கிறது?" என்று கேட்டேன். அவன் சிரிக்கவில்லை.

திறந்திருந்தவை கொஞ்சம்தான். முதலில் 80-ஐ மூடினான். காபி ஆறுவதற்குள் பாதிரியார் மனைவி மார்லிஸ் போன் செய்தாள். உறைந்த ஏரியில் துளைபோட்டு மீன்பிடிக்கும் சர்ச்சுப் போட்டிக்கு நீ போட்டுக்கொடுத்த இன்டர்நெட் பக்கம் காணாமல் போயிருந்தது. "ஏண்டி, ஆர்விட்டோட சேர்த்து எங்க மீனையும் புதைச்சிட்டியா?" என்றாள். திறந்தோம். அடுத்து 53-ஐ மூடினான். டிவி நின்றது, ரேடியோ நின்றது, டுலூத்திலிருந்து பேசிக்கொண்டிருந்த என் தங்கை வாயைத் திறந்தபடி திரையில் உறைந்துபோனாள், அவள் அவ்வளவு நேரம் சும்மா இருந்து நான் பார்த்ததில்லை. "பேரைச் சொன்னா விலாசம் தேடித் தர்ற கதவு அது" என்று டுவெய்ன் அசடு வழிந்தான். அதையும் திறந்தோம். அதற்குப் பிறகு பட்டியலைப் பார்க்காமல் எதையும் தொடுவதில்லை என்று முடிவெடுத்தான்.

கடைசியாக 6667. பட்டியலைப் பார்த்தான். மறுபடியும் பார்த்தான். காலிக் கோப்பையை எடுத்துக் குடித்தான்.

"சொல்லித் தொலை."

"அரட்டை, வெர்னா. ஆளுங்க உட்கார்ந்து எழுதி எழுதிப் பேசிக்கிற இடம்."

"ஆர்விட்டா? வீட்டுல இருக்கிறவகிட்டயே பேசாத மனுஷன்!"

"ஆஸ்பத்திரியில இருந்தே இந்தக் கதவு வழியா வந்திருக்கான், இங்க பதிவாகியிருக்கு. தினமும் காலையில."

அப்போதுதான் நர்ஸ் கார்லீன் அடக்கத்தன்று சொன்னது ஞாபகம் வந்தது. காலையில் நீ உன் டேப்லெட்டைப் பார்த்துச் சிரித்துக் கையாட்டுவாயாம், மருந்து வேகம் என்று அவர்கள் விட்டுவிட்டார்களாம். மருந்தாம். நம் கல்யாணத்திலிருந்து நீ என்னிடம் பேசியதையெல்லாம் ஒரு காபிக் கோப்பையில் போட்டால் இடம் மிஞ்சும். எவளோ ஒருத்திக்கு மட்டும் காலையில் எழுந்து கையாட்ட உனக்குத் தெம்பு இருந்திருக்கிறது. "மூடு" என்றேன். மூடிவிட்டான். உன் நீலக் கம்பளிச் சட்டையைச் சர்ச்சுக்குத் தானம் கொடுக்கும் துணிமூட்டையில் போட்டுவிட்டேன். அவள் வந்து எடுத்துக்கொள்ளட்டும்.

உன் அம்மாவுக்கு என் அன்பு. நம் நாய் அங்கே இருந்தால் தலையைத் தடவிவிடு. அவள் யாரென்று நீயாக வந்து சொல்லும்வரை உனக்கு முத்தம் கிடையாது.

வெர்னா லிண்ட்குவிஸ்ட்

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டுவதற்குள் டுவெய்ன் பூட்ஸைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்தான். "என்னைத் திட்டு வெர்னா. பட்டியல் வெறும் வழக்கம்தான். எந்தக் கதவுல எதை வேணா வைக்கலாம். தெரிஞ்ச நம்பரைத்தான் திருடன் தட்டுவான்னு ஆர்விட் மாதிரி ஆளுங்க இடம் மாத்தி வெப்பாங்க. நான் பட்டியலைப் பார்த்தேனே தவிர, கதவைத் தட்டிப் பார்க்கலை" என்றான். திறந்து தட்டினோம். அரட்டையும் இல்லை, அவளும் இல்லை. நீ எப்போதோ மரத்தில் மாட்டிய கேமரா. திரையில் பறவைத் தீனித்தட்டு, அதற்குப் பின்னால் நம் சமையலறைப் படி. காலையில் அங்கே வருவது நான் ஒருத்திதான்.

சட்டையைத் திரும்ப வாங்கிவந்துவிட்டேன், போட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன். 6667 தேவை என்று கம்பெனிக்கும் எழுதிவிட்டேன். ஒன்றுதான் உறுத்துகிறது, கரடி. தினமும் காலையில் படியில் நின்று துண்டை வீசி நான் கையாட்டியதெல்லாம் தீனி திருட வரும் அணிலை விரட்டத்தான். நீ பதிலுக்குக் கையாட்டினாயே, அது உனக்கென்றா நினைத்துக்கொண்டாய்?