மைக் காக்காவின் ஸ்னேர் சத்தம்

ஒரு மேளத்தின் ஒரேயொரு அடியை ஒழுங்காகப் பதிவதற்காகப் பிறந்த மனிதர் இந்த உலகத்தில் ஒருவர்தான். அவர் கல்முனைக்குடியில் பிறந்துவிட்டார். மூத்த சகோதரனைக் காக்கா என்று கூப்பிடுகிற எங்கள் ஊரில், வயதில் பெரியவர்களும் அவரை மைக் காக்கா என்றே கூப்பிட்டார்கள். சொந்தப் பெயரை அவரே மறந்திருக்கலாம்.

அவருடைய ஒலிப்பதிவுக் கூடம் ஒரு வீட்டின் பின்னறை. வீடு அவருடையதல்ல. பெண்ணுக்கு வீடு கொடுத்துத்தான் கல்யாணம் செய்துவைக்க வேண்டும் என்பதால், கல்யாண வீடுகளுக்கு ஒலிபெருக்கி கட்டிய உழைப்பில் தங்கச்சிமார் எல்லோருக்கும் வீடு கட்டிக் கொடுத்தார். கடைசி வீட்டுக்கு ஓடு போட்டபோது அவருக்குக் கல்யாண வயது முடிந்திருந்தது. கடைசித் தங்கச்சியும் குடும்பத்தோடு கட்டாருக்குப் போய்விட, முன்வீடு பூட்டிக் கிடந்தது. பின்னறையில் காக்காவும் மைக்குகளும்.

பாடசாலை பேண்ட் குழுவில் தோளில் மாட்டி அடிப்பார்களே, அடித்தோலில் கம்பிச் சுருள் கட்டிய ஸ்னேர் ட்ரம், அதன் சத்தம்தான் அவருடைய இலட்சியம். ஒருவர் அடிக்க, இன்னொருவர் ஹெட்போனில் கேட்டபடி மைக்கை நகர்த்த வேண்டும். ஆகவே வாசலால் போகிற எல்லோரையும், "ஒரு அடி அடிச்சிட்டுப் போங்களன்" என்று உள்ளே இழுத்தார். மீன்காரர் சூரை வெட்டுகிற வேகத்தில் அடித்து மைக்கின் தலையை நெளித்தார். காக்கா கோபிக்கவில்லை. கை நல்ல பாரம் என்று பாராட்டி, தேத்தண்ணி கொடுத்து, மறுநாளும் வரச்சொன்னார்.

விலை கூடிய மைக் ஒன்றும் வாங்கினார். அது ஸ்னேரைத் தவிர எல்லாவற்றையும் பதிந்தது: கடல், காகம், பாண் விற்க வருகிற ஓட்டோவின் பாட்டு, பக்கத்து வீட்டு மாமி மருமகனைப் பற்றிச் சொன்னது. கடைசியாகச் சொன்னதை அழிக்கச் சொல்லி மாமி நேரிலேயே வந்தார்.

காக்கா நெளிந்த மைக்குக்கே திரும்பினார். விளிம்புக்கு மேலே இரண்டு விரல் உயரம், முகம் தோலின் நடுவை நோக்கிச் சரிவு. கீழே கம்பிக்கு இன்னொரு மைக். தோல் கணகணவென்று நீளமாக ஒலித்தால் மேலே ஒரு துணித்துண்டு வைப்பார். அதற்கு இடுப்பில் கட்டுகிற மருதமுனைக் கைத்தறிச் சாரன்தான் சரியாம். அவருடைய சாரன் ஒவ்வொன்றிலும் ஒரு மூலை இருக்காது.

மெல்ல மெல்ல ஆட்கள் கழன்றார்கள். மீன்காரர் வேறு தெருவால் போகத் தொடங்கினார். வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்து நான் மட்டும் போனேன்.

"வீட்டுக்காரர் எழும்பிருவாரெண்டு பயந்து கதவு தட்டுற மாதிரி அடிக்கிறீங்க தம்பி" என்பார்.

ஒரு வெள்ளிக்கிழமை, அடித்ததைத் திரும்பப் போட்டுக் கேட்டோம். இறுக்கமான அடி, கூடவே கம்பியின் மெல்லிய சரசரப்பு, உடனே அமைதி. குறை சொல்ல ஒன்றுமில்லை.

"காக்கா, இதுதான்" என்றேன்.

அவர் ஹெட்போனை மெதுவாகக் கழற்றினார். "ஓம் தம்பி. இதுதான்."

சந்தோஷப்படுவார் என்று பார்த்தேன். அவர் சாரன் துண்டை எடுத்து மடித்தார், பிரித்தார், திரும்பவும் மடித்தார்.

"அப்ப வாற வெள்ளிக்கிழமை ஒங்களுக்கு இஞ்ச வேலை இல்ல, என்ன?"

நான் ஹெட்போனை மாட்டிக்கொண்டு அதையே இன்னொருமுறை கேட்டேன். முதல்முறையைவிட நன்றாக இருந்தது.

"கீழ் மைக் கொஞ்சம் இரையுது காக்கா" என்றேன்.

"எனக்கும் அப்பிடித்தான் பட்டிச்சு" என்று சொல்லி, மைக் தாங்கியின் திருகாணியை அவசரமாகத் தளர்த்தினார். பிறகு தேத்தண்ணி வைக்க எழுந்தார்.