இன்ஸ்பெக்டர் துரை சிரித்துவிட்டார்

ட்ரியோலே,
1926, கரும்பு வெட்டு முடிந்த மறு வாரம்.

மாயெபூரில் மளிகைக் கடையையும் நாலு பேர் மதிப்பையும் குறைவில்லாமல் நடத்திவரும் என் மச்சான் விநாயகம் அவர்களின் சமூகத்துக்கு, உங்கள் தங்கை சின்னம்மாவைக் கட்டிய பொன்னுசாமி வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உங்கள் தங்கையும் கறுப்புப் பசுவும் முருகன் புண்ணியத்தில் நலம். அங்கே நீங்களும் அக்காவும் மருமகன் நாகலிங்கமும் எங்களைவிட ஒரு படி கூடுதலாக நலமாயிருக்க வேண்டுகிறேன். நலமாயிருப்பவர்களில் என் மகள் காமாட்சியைச் சேர்க்காமல் விட்டதை நீங்கள் கவனித்திருப்பீர்கள். அதைச் சொல்லத்தான் பேனாவை எடுத்தேன்.

தைப்பூசக் காவடியன்று கோயில் வாசலில் நீங்கள் சொன்னது எனக்கு மறக்கவில்லை. பெண் பிள்ளைக்கு இங்கிலீஷ் எதற்கு, பள்ளிக்கூடத்தில் உதவி வாத்தியார் வேலை எதற்கு, சரி, ஆசைப்படுகிறாள், பரீட்சைக்குப் போகட்டும், தேறினால் நான் வாயை மூடிக்கொள்கிறேன், தேறாவிட்டால் அடுத்த தையில் என் பையன் நாகலிங்கத்துக்குக் கொடுத்துவிடு என்றீர்கள். நானும் தலையாட்டினேன். காமாட்சியை ஒரு வார்த்தை கேட்டீர்களா என்று உங்கள் தங்கை இன்றைக்கும் குத்திக்காட்டுகிறாள். அங்கே மேளமும் அரோகராவும் காதைப் பிளந்துகொண்டிருந்தபோது யார் யாரைக் கேட்பது, நீங்களே சொல்லுங்கள்.

எழுத்துப் பரீட்சையில் தேறிவிட்டாள். அதற்குள் பாயசம் வைத்து அக்கம்பக்கமெல்லாம் கொடுத்தும் ஆயிற்று. பிறகுதான் தலைமை வாத்தியார் மிசியே க்ளெமான் வீட்டுக்கு வந்து, இன்னொன்று பாக்கி இருக்கிறது என்று குண்டைத் தூக்கிப் போட்டார். போர் லூயியிலிருந்து இன்ஸ்பெக்டர் துரை வருவாராம், காதுக்கு ஒரு பரீட்சை, வாய்க்கு ஒரு பரீட்சை. துரை இங்கிலீஷில் எதையாவது செய்யச் சொல்வார், அது காதில் ஏறியதா என்று பார்ப்பார். அப்புறம் ஒரு படத்தைக் காட்டிப் பேசச் சொல்வார். இவ்வளவுதானா, பதினெட்டு வருஷம் கரும்புத் தோட்டத்தில் சர்தாராக இருந்து ஆள்களை மேய்த்தவன் நான், துரை சொல்வதைக் காதில் வாங்குவதைப் பற்றி எனக்கா சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று, அன்றைக்கே அவளுக்குப் பயிற்சி கொடுக்க ஆரம்பித்துவிட்டேன்.

மிசியே க்ளெமானிடம் கேட்டு நாலைந்து இங்கிலீஷ் உத்தரவுகளைத் தமிழ் எழுத்தில் எழுதிவைத்துக்கொண்டு, துரை மாதிரி நாற்காலியில் உட்கார்ந்து, "ஓப்பன் தி டோர்!" என்று ஒரு சத்தம் போட்டேன். இந்தப் பெண் உடனே எழுந்து ஓடிப்போய்க் கதவைத் திறக்கிறாள். எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல ஆகிவிட்டது.

"என்ன புள்ள பண்றே? தோட்டத்துல துரை சொன்னா சர்தார் போய்க் கரும்பு வெட்டுவானா? செய்யறவன் கூலி. காதுல வாங்கி, சத்தமா அடுத்தவனுக்குச் சொல்றவன் சர்தார். நீ வாத்தியாரா ஆகப் போறவ."

"அப்பா, அது தோட்டத்துல. அவர் என்னையத்தானே செய்யச் சொல்லுவாரு?"

"துரை என்னைக்குமே ஒரு ஆளைத்தான் பார்த்துச் சொல்லுவாரு. செய்யறது வேற ஆளு. சர்தார் நானா, நீயா?"

அதன்பிறகு வீட்டில் பயிற்சி ஜோராக நடந்தது. நான் இங்கிலீஷில் சொல்வேன், அவள் நிமிர்ந்து நின்று, தோட்டத்தில் எல்லாரும் பேசும் தீவுப் பாஷையான க்ரியோலில் தன் அம்மாவுக்கு உத்தரவு போடுவாள், உங்கள் தங்கை அடுப்படியிலிருந்து முணுமுணுத்துக்கொண்டே வந்து கதவைத் திறப்பாள், மூடுவாள், செம்பை எடுப்பாள், வைப்பாள். கொஞ்ச நாளில் சின்னம்மாவுக்கு யாரும் க்ரியோலில் சொல்ல வேண்டியிருக்கவில்லை, நான் சொன்னதுமே கை வேலையைப் போட்டுவிட்டு வர ஆரம்பித்துவிட்டாள். ஒருநாள் நான் பசுவிடம் போன நேரத்தில் என் முதுகுக்குப் பின்னால், "ஷட் தி டோர்!" என்றாளே பார்க்கலாம்! இந்த வீட்டில் இங்கிலீஷ் பரீட்சைக்கு யார் போக வேண்டும் என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது.

பரீட்சை நாளும் வந்தது. பெற்றவர்கள் வெளியே இருக்க வேண்டும் என்றார்கள், வெளியேதான் இருந்தேன், ஜன்னலுக்கு வெளியே. உள்ளே இன்ஸ்பெக்டர் துரை, பக்கத்தில் மிசியே க்ளெமான், பரீட்சைக்கு வந்தவர்களில் எங்கள் காமாட்சியும், மருந்துக்கடைக்காரர் மகள் சொலாஞ்ஜும், இன்னும் சில பெண்களும். சொலாஞ்ஜின் முன்னோர் புதுச்சேரியிலிருந்து வந்தவர்களாம், இப்போது அவர்கள் வீட்டில் சாமி கும்பிடுவதுகூடப் பிரெஞ்சில்தான். துரை முதலில் எங்கள் பெண்ணைத்தான் கூப்பிட்டு, "ஷட் தி விண்டோ" என்றார். அவள் ஜன்னலைப் பார்த்து ஓரடி எடுத்து வைத்தாள். லேசாக இருமினேன். என்னைப் பார்த்தாள், நின்றாள், நிமிர்ந்தாள், கணீரென்று க்ரியோலில், "மிசியே க்ளெமான், ஃபெர்ம் லாஃப்நெத்!" என்றாள். அந்த மனுஷன் இத்தனை வருஷமாக அடுத்தவர்களுக்கே உத்தரவு போட்டவர், என்ன நினைத்தாரோ, எழுந்து வந்து ஜன்னலைச் சாத்தினார். என் மூக்கு அதற்குள் இருந்ததை அவர் கவனிக்கவில்லை.

மூக்கைப் பிடித்துக்கொண்டு வாசல் பக்கம் ஓடினேன். அதற்குள் துரை சாக்குக்கட்டியைக் கேட்டிருக்கிறார், காமாட்சி சொல்லி, சொலாஞ்ஜ் கொண்டுபோய்க் கொடுத்துக்கொண்டிருக்கிறாள். துரை மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, "சிட் டௌன்" என்றார். இவள் திரும்பிச் சொன்னாள். அத்தனை பெண்களும் உட்கார்ந்தார்கள், மிசியே க்ளெமானும் உட்கார்ந்தார், வாசலில் நின்ற நானும் படியில் உட்கார்ந்துவிட்டேன் மச்சான், சொன்ன சொல் அப்படி. தோட்டத்தில் நானே ஒரு சொல்லில் இத்தனை பேரை உட்கார வைத்ததில்லை. ஆனால் துரையின் முகத்தைப் பார்த்தேன், அது சரியாயில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தார்.

அப்புறம் வாய்க்குப் பரீட்சை. பெரிய படமொன்றைச் சுவரில் மாட்டினார்கள். சீமைப் பிள்ளைகள் சிலர் தொப்பியும் கம்பளியுமாக நிற்கிறார்கள், தரையெல்லாம் வெள்ளை வெளேரென்று குவிந்து கிடக்கிறது, அதை வாரி உருட்டிக்கொண்டிருக்கிறார்கள். காமாட்சி மளமளவென்று பேசினாள். எனக்குப் புரிந்தது ஒரே ஒரு வார்த்தை, 'ஷுகர்'. மில்லில் மூட்டைமேல் அச்சடித்திருக்குமே, அது. அதைப் பல தடவை சொன்னாள். சரியாகத்தான் சொன்னாள். மூட்டை பிரிந்து கொட்டியிருக்கிறது, பிள்ளைகள் ஆள் வருமுன் அள்ளிக்கொண்டிருக்கிறார்கள், கண்ணுள்ள எவனுக்கும் தெரியும். அடுத்து வந்த சொலாஞ்ஜ் அதைப் பார்த்து 'ஸ்னோ' என்றாள். ஆகாயத்திலிருந்து விழுகிற ஐஸாம், பின்னால் நின்ற ஒருவர் சொன்னார். ஐஸ் விழுந்தால் அந்தப் பிள்ளைகளின் அம்மாக்கள் வெளியே விடுவார்களா? அதற்குப் போய்த் துரை தலையாட்டுகிறார்!

கடைசியில் காமாட்சியை மறுபடி கூப்பிட்டு என்னவோ நீளமாகச் சொன்னார். சொல்லும்போதே சிரித்தார் மச்சான். கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தார். அங்கேயே எனக்கு விஷயம் தெரிந்துவிட்டது. தோட்டத்தில் துரை திட்டினால் வேலை இருக்கிறது என்று அர்த்தம், சிரித்தால் அன்றோடு கணக்குத் தீர்ந்தது. பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு கிளம்பிவிட்டேன். மிசியே க்ளெமான் பின்னாலேயே கையை ஆட்டிக் கத்திக்கொண்டு ஓடிவந்தார், ஜன்னல் விஷயமாய்த்தான் இருக்கும் என்று இன்னும் வேகமாக நடந்தேன். வழி நெடுக அந்தத் துரையையும், ஐஸையும், மருந்துக்கடைக்காரரையும் ஒரு பிடி பிடித்தேன். காமாட்சி நடுவில் "அப்பா" என்றாள். "நீ அழாதம்மா, நான் இருக்கேன்" என்று சொல்லி மேலே பேசிக்கொண்டு வந்தேன்.

என் குழந்தைக்கு ஒன்றும் வராமல் போகவில்லை மச்சான். விளக்கு வைத்ததிலிருந்து படித்தாள், கரும்புச் சருகு கட்டும்போதும் இங்கிலீஷை முணுமுணுத்தாள். அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை, அதனால்தான் முற்றத்தில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். ஆனாலும் சொன்ன சொல் சொன்ன சொல்தான். தையில் நல்ல நாள் பாருங்கள். பெண்ணுக்கு உத்தரவு போடும் பழக்கம் கொஞ்சம் வந்துவிட்டது, அக்காவிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். உங்கள் கடையும் குடியும் முருகன் வேல்போல நிமிர்ந்து நிற்கட்டும், பிள்ளைகள் நோய்நொடி இல்லாமல் தழைக்கட்டும்.

இப்படிக்கு,
மூக்கு வீங்கிய உங்கள் மைத்துனன்,
பொன்னுசாமி.

பின்குறிப்பு: மேலே எழுதியதை எழுதாததாக வைத்துக்கொள்ளவும். வேறு காகிதம் இல்லாததால் இதையே அனுப்புகிறேன். கவரை ஒட்டச் சோற்றுப்பருக்கை கேட்டு உள்ளே போனேன். அங்கே உங்கள் தங்கை வெங்காயம் உரித்துக்கொண்டே மகளிடம், "ஏண்டி, அந்தத் துரை உங்கிட்ட என்னதான் சொன்னாரு?" என்று கேட்டாள். எங்கள் வீட்டில் அதுவரை யாரும் அதைக் கேட்கவில்லை. "வேலை கிடைச்சிருச்சும்மா, புது வருஷம் பொறந்ததும் வரச் சொன்னாரு" என்றாள் காமாட்சி. எல்லாப் பெண்களும் அவர் சொன்னதைச் செய்தார்களாம், இவள் ஒருத்திதான் எல்லாரையும் செய்ய வைத்தாளாம், சின்னப் பிள்ளைகள் நிறைந்த வகுப்புக்கு இப்படி ஒருத்தியைத்தான் தேடிக்கொண்டிருந்தாராம். ஐஸைச் சர்க்கரை என்றது தப்புதானாம், ஆனால் அத்தனை நேரம் தட்டாமல் தடுமாறாமல் இங்கிலீஷில் வேறு யாரும் பேசவில்லையாம். சொலாஞ்ஜுக்கும் வேறொரு பள்ளியில் வேலையாம். மிசியே க்ளெமான் கத்திக்கொண்டு ஓடிவந்தது வாழ்த்துச் சொல்ல. இதை வழியிலேயே ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "நீங்க நிறுத்தினாத்தானேப்பா" என்றாள்.

ஆகவே தையில் நாள் பார்க்க வேண்டாம், நீங்களும் வாயை மூடிக்கொள்ளலாம். நாகலிங்கத்தின் மேல் அவளுக்கு வெறுப்பு ஒன்றும் இல்லையாம். ஆனால் இத்தனை வருஷத்தில் அவன் குரலையே கேட்டதில்லையாம். ஆசையிருந்தால் அவனே ஒருநாள் வந்து அவளோடு உட்கார்ந்து பேசட்டும், எந்தப் பாஷையானாலும் சரி, கேட்ட பிறகு பதில் சொல்கிறேன் என்கிறாள். இதையெல்லாம் அவள் சொல்லி முடிக்கிறவரை நான் குறுக்கே ஒரு வார்த்தை பேசவில்லை மச்சான்.